வட்டம் அண்ணையின் மூன்று நிமிடம்

பாரிஸ் தமிழர்களுக்கு எல்லா விஷயத்திலும் அபிப்பிராயம் உண்டு. ஆனால் அமெரிக்காவில் நடக்கிற ஸ்டொக் கார் பந்தய ஓட்டத்தின் விதிகளை மாற்றவேண்டுமா என்பதில் அபிப்பிராயம் வைத்திருந்தவர், எனக்குத் தெரிய, இந்தக் கண்டத்திலேயே ஒரு தமிழர்தான். மற்ற எல்லோருக்கும் சேர்த்து அவரே வைத்திருந்தார்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடை. அவர் முன்னால் கொத்து ரொட்டி போடுவார். நான் பின்னால் கோப்பை கழுவுவேன். அவருடைய சொந்தப் பெயர் வதிவிட அட்டை கொடுக்கிற பிரெபெக்சூருக்கும் சம்பளச் சீட்டுக்கும் மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் வட்டம் அண்ணை. தெருவில் போகிற கார் மாதிரியே இருக்கும் நாற்பது கார்கள் பெரிய வட்டமொன்றில் மணிக்கணக்காகச் சுற்றுவதைத் தொலைபேசியில் பார்ப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. புறநகரான லா கூர்னெவ்விலிருந்து ரயிலில்தான் வந்துபோனார்.

"அண்ணை, உவங்கள் இடப்பக்கம் மட்டும்தானே திரும்புறாங்கள். இதிலை என்ன இருக்கு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நீர் நாள் முழுக்கக் கோப்பை கழுவுறீர். அதிலை என்ன இருக்கெண்டு நான் கேட்டனானே?"

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை அவர் திங்கள் மத்தியானம்தான் பார்ப்பார். அதற்குமுன் முடிவு காதில் விழக்கூடாது. "ஒருத்தரும் முடிவைச் சொல்லிப்போடாதேங்கோ!" என்று கத்திக்கொண்டுதான் கடைக்குள் நுழைவார். மரக்கறி வெட்டுகிற முல்லைத்தீவு அக்காவுக்கு அப்படியொரு ஓட்டம் நடந்ததே தெரியாது. ஆனாலும், "சத்தியமாச் சொல்லமாட்டன் அண்ணை" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாக்குக் கொடுப்பார்.

சமையலறையிலும் அவர் வைத்ததுதான் சட்டம். ஓட்டத்தில் விபத்து நடந்தால் மஞ்சள் கொடி காட்டுவார்களாம். எல்லாக் காரும் வேகத்தைக் குறைத்து வரிசையில் போகவேண்டும், முந்தக்கூடாது. இங்கே ஒரு கிளாஸ் உடைந்தால் போதும், அண்ணை மஞ்சள் துடைதுணியைத் தூக்கி ஆட்டுவார். கண்ணாடி பொறுக்கி முடியும்வரை நாங்கள் தட்டும் கையுமாக ஒருவர் பின் ஒருவராக ஊர்ந்து போவோம். ஒருமுறை முதலாளியே வரிசையில் அகப்பட்டு, ஆறிக்கொண்டிருந்த அப்பத்தோடு அடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார்.

"உது என்ரை கடைதானே?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். உண்மையான சந்தேகத்தோடுதான் கேட்டார்.

அண்ணைக்குப் பிடிக்காத விதி ஒன்றுதான். வருடம் முழுக்க எத்தனையோ ஓட்டங்கள் நடக்கும். கடைசியில் நாலு பேரை மட்டும் தெரிந்தெடுத்து, இறுதி ஓட்டத்தில் அந்த நாலு பேரில் எவன் முன்னுக்கு வருகிறானோ அவனைச் சம்பியன் என்பார்கள். அண்ணை கொண்டாடிய பச்சைக் கார்க்காரன் வருடம் முழுக்க முன்னுக்கு நின்றான். கடைசி நாள் ரயர் வெடித்து ஓட்டத்திலிருந்தே விலகவேண்டி வந்துவிட்டது. அந்த வாரம் கடையில் கொத்து ரொட்டியின் உறைப்புத் தாங்க முடியவில்லை.

"வருசம் முழுக்க ஒழுங்கா ஓடினவனை ஒரு நாளிலை வீட்டை அனுப்புறதோ? இது ஓட்டமோ, லொத்தரோ?"

இப்படியிருக்கையில் ஒருநாள் தொலைபேசியை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, கேக்கிறாங்கள்."

"என்ன கேக்கிறாங்கள் அண்ணை?"

"என்ரை அபிப்பிராயத்தை."

விதிகளை மாற்றலாமா என்று ஓட்டத்தை நடத்துபவர்கள் ரசிகர்களிடம் கேட்டிருந்தார்கள். தெரிவாகிறவர்கள் காணொளியில் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இஞ்சை வந்து இருபத்தாறு வருசம். இருக்கிறதுக்கு விசாக் கார்த் இருக்கு, வோட்டு இல்லை. பேர் கேட்டாங்கள், பிறந்த திகதி கேட்டாங்கள், கைரேகை கேட்டாங்கள். நீ என்ன நினைக்கிறாய் எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தனும் கேக்கேல்லை, தம்பி."

கையைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். கடை விலாசத்தைக் கொடுத்து, எங்கள் தபால் இலக்கமான 75010ஐ அடித்ததும் பக்கத்தில் தானாகவே 'டெக்சஸ்' என்று வந்து நின்றது. அந்த இலக்கத்தில் அங்கேயும் ஓர் ஊர் இருக்கிறது போலும். அமெரிக்காவில் வசிப்பவர்கள் மட்டும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அதையும் வாசித்தேன். அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

தெரிவாகிவிட்டார்! அதற்குப் பிறகு கடையே ஒரு மாதிரியாகிவிட்டது. கொத்துகிற தாளத்துக்கே பேச்சை ஒத்திகை பார்த்தார். அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொல்வதாக ஏற்பாடு. பேசவேண்டிய சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் கடை நிறையச் சாப்பிட வந்த ஆட்கள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கொத்துத் தகடுகளைத் தன் கையில் வாங்கினார். அண்ணை ஸ்திரி போட்ட நீலச் சட்டையில் சமையலறை அரிசி மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

திரையில் கூட்டத்தை நடத்திய பெண்மணி, "அடுத்தது டெக்சஸிலிருந்து நம் நண்பர்" என்று ஆங்கிலத்தில் அழைத்தார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "என்ன இவ டெக்சஸ் எண்டுறா?"

உண்மையைச் சொன்னேன். "மூண்டு நிமிசம்தானே அண்ணை, ஆருக்குத் தெரியப்போகுது? கதையுங்கோ" என்று கெஞ்சினேன்.

"சட்டம் பிழையெண்டு சொல்ல வந்தவன் சட்டத்தை ஏய்ச்சுப்போட்டுக் கதைக்கிறதோ?"

நான் மொழிபெயர்க்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. அவரே திரையைப் பார்த்துத் தன் ஆங்கிலத்தில் சொன்னார்: "மேடம், நோ டெக்சஸ். பாரிஸ், பிரான்ஸ். மை மிஸ்டேக்."

என் பிழையைத் தன் பிழை என்றார். அந்தப் பெண்மணி நல்லவர்தான். மிகவும் வருத்தப்பட்டார். ஆனால் விதி விதிதான் என்றார். அண்ணை ஓமென்று தலையாட்டி, கும்பிட்டு, இணைப்பை நிறுத்தினார். எனக்கு அழுகை வந்தது.

தகடுகளின் சத்தமும் நின்றுவிட்டது. முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்தார்.

"அவங்கள் கேக்காட்டிப் போகட்டும். எங்களுக்குச் சொல்லும். அந்தச் சட்டத்திலை என்ன பிழை?"

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். பரிமாறுகிறவர்களும் வந்தார்கள். அண்ணை எழுந்து சட்டையை இழுத்துவிட்டார்.

"தம்பி, மூண்டு நிமிசம். நேரம் பாரும்" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத் தொடங்கினார்.

எவ்வளவு நேரம் பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் நேரம் பார்க்கவேயில்லை.