ஹன்னாவை வேலையை விட்டு நிறுத்துவது எப்படி

"காய்ச்சல் வந்த நாலு நாளையும் திருப்பிக் கேக்குறாங்க அண்ணாச்சி" என்றாள் சாலிஹா.

"காய்ச்சலையா?"

"லீவை. லீவு போட்டு ஊர் சுத்தப் போன எடத்துல ஹன்னாவுக்குக் காய்ச்சலாம். டாக்டர் சீட்டு அனுப்பிருக்காங்க. லீவுல இருக்கையில நோவு வந்தா அந்த நாள் லீவுக் கணக்குல வராதாம். ஜெர்மனிச் சட்டம்."

"அப்ப காய்ச்சலுக்கு ஒரு லீவு, லீவுக்கு ஒரு லீவா?"

ஊர்க்காவலன் அண்ணாச்சி குடித்துக்கொண்டிருந்த டீயை மேசையில் வைத்தார். சிவகாசியில் இருபத்திரண்டு வருஷமாக அச்சகம் நடத்துகிறவர். பிள்ளைகள் வண்ணம் தீட்டும் புத்தகங்கள்தான் அவர் சரக்கு. போன வருஷம் ஜெர்மனிக்குப் புத்தகக் கண்காட்சி பார்க்கப் போனவர், அங்கே ஆர்டர் பிடிக்க ஹன்னா என்ற பெண்ணை மாதச் சம்பளத்துக்கு அமர்த்திவிட்டுத் திரும்பினார். ஏழு மாதமாகியும் ஓர் ஆர்டர் வரவில்லை. சட்டங்கள்தான் வந்தன.

அவற்றைப் படித்துச் சொல்கிற வேலை சாலிஹாவுக்கு. அச்சகத்தின் நூற்றுப்பத்துப் பேருக்கும் சம்பளம் போடுகிறவள் அவள். உள்ளூர் ஆட்களுக்கு அடிக்கும் வேலை உத்தரவில் பெயரை மட்டும் மாற்றி ஹன்னாவுக்கும் அனுப்பியவள் அவளேதான். அது தன் வேலைக்கே உலை வைத்துவிடுமோ என்று அன்றிலிருந்து ஒரு பயம்.

"இனிமே அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் கிடையாது. கமிஷன் ஏஜெண்டுன்னு மாத்திரு. ஆர்டர் புடிச்சா காசு. காய்ச்சல் வந்தா அது அவ பாடு" என்றார் அண்ணாச்சி.

ஜெர்மனியில் இவர்கள் சார்பாகச் சம்பளம் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்துக்கு சாலிஹா அப்படியே எழுதினாள். மறுநாளே பதில் வந்தது.

"ஒரே கம்பெனிக்கு, அந்தக் கம்பெனி சொல்ற நேரத்துல வேலை பாக்குறவங்க, நீங்க என்ன பேரு வச்சாலும் சம்பள ஆளுதானாம். ஏமாத்திப் பேரை மாத்துனா அபராதம் வருமாம் அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. சாலிஹா தடுப்பதற்குள், நாளையிலிருந்து நீ வேலைக்கு வேண்டாம் என்று வாட்ஸப்பில் தட்டிவிட்டார்.

பத்து நிமிஷத்தில் பதில். மேலே ஒரு சிரிப்புப் பொம்மை, கீழே நாலு வரி. சாலிஹா சத்தமாக வாசித்தாள்.

"போன்ல சொன்னா செல்லாதாம். மெயிலும் செல்லாதாம். காகிதத்துல அடிச்சு, மொதலாளி தன் கையால மைக் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். ரப்பர் ஸ்டாம்பு குத்துனாலும் ஆகாதாம். அதுவரைக்கும் சம்பளம் ஓடும்."

"நிறுத்துறது எப்படின்னு எனக்கு அவளே பாடம் எடுக்காளா?"

அடுத்த மேசையில் உறைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த வீரலட்சுமி வாயைப் பொத்திச் சிரித்தாள். ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். தபாலும் கூரியரும் அவள் பொறுப்பு.

"காயிதம்தான வேணும்? அடிம்மா காயிதத்துல!" என்றார் அண்ணாச்சி.

வெள்ளிக்கிழமை கடிதம் தயாரானபோது அவர் காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி வாசலில் காருக்கு நின்றார். சாலிஹா கடிதத்தை வீரலட்சுமியிடம் நீட்டினாள்.

"ஓடு, அண்ணாச்சிகிட்டக் கையெழுத்து வாங்கி அப்படியே கூரியர்ல போட்டுட்டு வந்துரு."

அரை மணி நேரத்தில் கூரியர் ரசீது வந்தது. விட்டது தொல்லை என்று சாலிஹா அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை ஹன்னாவின் மெயில் வந்தது. சாலிஹா அதைப் படித்துவிட்டு அண்ணாச்சியிடம் ஓடினாள்.

"அண்ணாச்சி, ஆர்டர் வந்திருக்கு. ஊருக்கு ஊரு கிளை வச்சிருக்கிற பொம்மைக்கடையாம். ரெண்டு லட்சம் புத்தகம். பேச்சுவார்த்தையெல்லாம் ஹன்னாகிட்ட மட்டும்தானாம்."

"ரெண்டு லட்சமா!"

"இன்னொரு சீட்டும் இருக்கு. ஹன்னா மாசமா இருக்காங்க. நாலாவது மாசம். மாசமா இருக்கிறவங்களை வேலையை விட்டு நிறுத்தவே கூடாதாம். நிறுத்துனா கோர்ட்டு."

அண்ணாச்சி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அந்தக் காயிதம் எங்கன போகுதுன்னு பாரு. மடக்கு!"

கூரியர்காரர் தேடிப் பார்த்து, நேற்றே ஜெர்மனி போய்விட்டது என்றார். அண்ணாச்சி விடவில்லை. சாலிஹா கும்பிட்டுக் கேட்டும் கேளாமல், கூரியரில் வரும் உறையைத் தயவுசெய்து பிரிக்க வேண்டாம் என்று ஹன்னாவுக்கு எழுதினார்.

"எந்த உறை?" என்று பதில் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அடுத்த பதில். "வந்துவிட்டது. பிரித்துவிட்டேன். வீடியோவில் பேசலாமா?"

திரையில் ஹன்னா கடிதத்தோடு தோன்றினாள். வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று சாலிஹா மனதுக்குள் முடிவே செய்துவிட்டாள். ஹன்னாவோ சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இது செல்லாத கடிதம் சார். உங்கள் கையெழுத்தின் ரப்பர் ஸ்டாம்ப் அல்லவா குத்தியிருக்கிறது! செல்லாது என்று தெரிந்தும் அதையே குத்தியிருக்கிறீர்கள். கோபத்தில் கடிதம் அடித்தாலும் நிறுத்த உங்களுக்கு மனம் வரவில்லை, அப்படித்தானே?"

அண்ணாச்சி ஒரு கணம் விழித்தார். பிறகு, "ஆமா, ஆமா" என்று வேகமாகத் தலையாட்டினார். "நம்ம ஆளுக எந்தத் தேசத்துல இருந்தாலும் சரி, மாசமா இருக்கிறவங்களை நான் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுவேன். நான் சொல்றதை இங்கிலீசுல சொல்லும்மா சாலிஹா."

சாலிஹா சொன்னாள். பிரசவ விடுப்புக்குக் கம்பெனி கொடுப்பதை அங்குள்ள காப்பீடு திருப்பித் தந்துவிடும் என்றும், தான் விடுப்பில் போவதற்குள் சரக்கு வந்து இறங்கிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு ஹன்னா விடைபெற்றாள்.

திரை அணைந்ததும் சாலிஹா முக்காட்டு நுனியால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. அண்ணாச்சி சாத்தூர்ச் சேவு வாங்கிவர ஆளை விரட்டினார். திடீரென்று அவருக்கு ஒரு சந்தேகம்.

"ஏம்மா, எங்கிட்டக் கையெழுத்துக்கு ஒரு காயிதமும் வரவே இல்லையே?"

இருவரும் வீரலட்சுமியைப் பார்த்தார்கள்.

"ஏ வீரலட்சுமி, கார் கிளம்பிருச்சுன்னு தெரியாத்தனமா ஸ்டாம்பைக் குத்திட்டியா?" என்றாள் சாலிஹா. "நல்ல நேரத்துல தப்புப் பண்ணுனடி!"

வீரலட்சுமி பசைக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நாலு நாள் லீவு கேட்டவுகளையே நிறுத்துறீகளே, ஆறு மாசம் பேறுகால லீவு கேக்கப் போற எங்கதி என்னாகும்னு பயந்து, தெரிஞ்சேதான் குத்துனேன் மொதலாளி."