கரையேத்திட்டாங்க

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அத்தானுடைய முழங்காலும் நலம் என்று நம்புகிறேன்.

"அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கணும்னு நெனைக்கிறியா, வேண்டாம்னு நெனைக்கிறியா?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். நூற்று நாற்பது பக்கம் படித்த பிறகுதான் எனக்கே புரிந்தன. கடற்படையில் கமாண்டராக இருப்பவர் கேப்டன் ஆவதற்கு மூன்று முறைதான் தேர்வுக் குழுவுக்குப் பெயர் போகும். என் கணவருக்கு இது மூன்றாவது. கடலில் இத்தனை நாள் இருந்திருக்கவும் வேண்டும். இவருடைய கப்பல் பழுதுபார்க்கும் துறையில் எட்டு மாதம் நின்றது. அந்த எட்டு மாதமும் இவர் அதிலேயே தூங்கி, அதிலேயே சாப்பிட்டார். ஆனால் கப்பல் நகராததால் அது கடலில் சேராதாம். வீட்டிலும் சேராது என்பது என் கணக்கு. ஆக, பதினொரு நாள் குறைவு. அதை நிரப்ப இன்னொருவர் கப்பலில் விருந்தாளி மாதிரி ஏறிப் போனார். அந்த விதிப் புத்தகத்தில் மனைவி ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறாள். இடமாற்றப் பகுதியில், வீட்டுச் சாமான்களுக்கு அடுத்த வரியில்.

உயர்வு கிடைத்தால் சொந்தமாக ஒரு கப்பல், இன்னும் இரண்டு வருடம் கடல். கிடைக்காவிட்டால் இதே ஊரில் மேசை வேலை, மாலை ஐந்தரைக்கு வீடு. அப்படி மேசைக்கு வந்தவரை "கரையேத்திட்டாங்க" என்பார்கள் இவருடைய ஆட்கள், துக்கம் விசாரிக்கும் குரலில்.

இன்று காலை அவர் கூப்பிட்டார். போனை எடுத்தது என் மாமியார். "அம்மா, கரையேத்திட்டாங்க" என்று ஒரு வாக்கியம், பிறகு இரைச்சல், பிறகு ஒன்றுமில்லை. திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. மாமியார் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம்புள்ள கரையேறிட்டாம்மா, வேண்டினது வீண்போகல" என்றார். கடற்படைக்காரர்கள் வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விளக்கினேன். "கடல்ல கெடக்கிறவனுக்குக் கரையேறுறதைவிட வேற என்ன நல்லது? நீ படிச்சதும் போதும், பேசினதும் போதும்" என்றார். அரை மணியில் பதவி உயர்வு என்று மாடிப்படி முழுக்கச் செய்தி போய்விட்டது, எதிர்வீட்டுப் பல் டாக்டர் இனிப்பு டப்பாவோடு வந்தார், குடியிருப்புச் செயலாளர் லிஃப்டில் வாழ்த்து ஒட்டினார், தையல்காரர் படியேறி வந்து, "சட்டையக் குடுங்கம்மா, கேப்டனுக்குள்ள நாலாவது தங்கப் பட்டையை நானே வச்சுத் தர்றேன்" என்று விடாப்பிடியாக நின்றார். எல்லோருக்கும் நன்றி சொன்னேன். நன்றி சொல்வது பொய்யில் சேராது.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய் வீட்டுச் சாவிக்கு இன்னொன்று போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கென்று ஒரு சாவி இருந்ததில்லை. தேதி சொல்லிவிட்டு வருகிறவருக்குச் சாவி எதற்கு? மணியடிப்பார், திறப்பேன். தினமும் வருகிறவர் மணியடிக்கக் கூடாதுக்கா. சொல்லாம கொள்ளாம வரணும். நான் அடுப்படியில நிக்கும்போது கதவுச் சத்தம் கேக்கணும். யாரதுன்னு நான் கேக்காம இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு. அவர் மனசு ஒடிஞ்சு வருவார்னு தெரியும். தெரிஞ்சும் சாவிக்கடை வாசல்ல நின்னு தனியாச் சிரிச்சேன். இதையே பதிலாக வைத்துக்கொள்ளாதே. நாளைக்கு அவர் முகத்தைப் பார்த்தால் மாறிவிடும்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. கடிதத்தை அத்தானிடம் காட்டாதே.

உன் தங்கை

பி.கு.: தபாலில் போடுவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. நடந்தது இது. பதினொன்றேகாலுக்கு மணியடித்தது. பெட்டியோடு நின்றார். பதினொரு நாள் முடிந்ததும் படகில் கொண்டுவந்து நிஜமாகவே கரையேற்றியிருக்கிறார்கள். போனில் சொன்னது அதைத்தானாம். "அதுக்கப்புறம் சொன்னது கேக்கலையா? கெடச்சிடுச்சு" என்றார். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் முதுகலைப் பட்டம் அதோடு போயிற்று. பதினாறாம் தேதி கப்பலேறுகிறார். சாவியைக் கொடுத்தேன். "எதுக்கு?" என்றார். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவர் வெளியே போய்க் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. மணியடிக்கவில்லை. பிறகு திறக்கும் சத்தம். யாரதென்று நான் கேட்கவில்லை.