தாண்டவன்வெளியில் அழுத சுவர்

ஜெர்மன்காரன் சண்டை தொடங்கிய வருடத்து மார்கழியில், மட்டக்களப்பில் சண்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. தாண்டவன்வெளியில் ஒரு சுவர் அழுதுகொண்டிருந்தது. கல்லடியிலிருந்து தோணியில் வந்தார்கள். வலையிறவிலிருந்து மாட்டுவண்டியில் வந்தார்கள். வயிற்றுவலிக்காரர், வழக்குக்காரர், மருமகன் ஓடிப்போன மாமியார், எல்லாரும் வந்தார்கள். சுவரை எட்ட நின்று பார்த்தார்கள். மந்திரகாரர் கனகசிங்கத்திடம் கோழியோ தேங்காயோ கொடுத்து, கறுப்பு நூல் கட்டிக்கொண்டு போனார்கள். சுவருக்குக் கண் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

சுவர் பீற்றிஸுடையது, அவளுடைய சீதன வீடு. சுவரின் புகழைப் பரப்பியவன் அவளுடைய புருஷன் சிறில்.

சிறிலுக்குப் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் வேலை கிடைத்தபோது, வீட்டை ஏறாவூர்க் கருவாட்டு வியாபாரி அப்துல் கபூருக்கு வாடகைக்கு விட்டுப் போனார்கள். இப்போது திரும்பி வந்தாயிற்று. தை மாதம் பீற்றிஸுக்குத் தலைப்பிள்ளை. பெறுவதென்றால் தன் வீட்டில்தான் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அந்த வயிற்றோடு ஒற்றைக் காலில் நிற்பது லேசா? வீடு சரியாகும்வரைக்கும் சிறிலின் தகப்பன்கூடப் பிறந்த மாமி வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். மழை பெய்தால் பாயை நகர்த்திவிட்டுச் சட்டி வைக்க வேண்டும்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அப்துல் கபூர் நீளமாக என்னவோ சொன்னார். சிறிலின் கையில் மொழிபெயர்ப்பு நாவல். ருஷ்யப் பனியில் ஒரு பிரபுவின் வண்டி கவிழ்ந்து கிடந்தது. அந்த மனிதரை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கருவாட்டு வியாபாரியைக் கவனிக்க முடியுமா? "ஓம், ஓம்" என்று தலையாட்டினான்.

பிறகு வீட்டைத் துப்புரவாக்கினான். கிணறு இறைத்தான். உடைந்த ஓடு மாற்றினான். சுண்ணாம்பு அடித்தான். எல்லாச் சுவரும் வெளுத்தது. நடு அறைச் சுவர் ஒன்று மட்டும் சுண்ணாம்பை உதிர்த்துவிட்டு, மழைக்காற்று பட்டதும் துளித்துளியாக நீர் விட்டது. வேறொருவன் என்றால் சுவர் பூசும் மேசனைக் கூப்பிட்டிருப்பான். சிறில் வாசகன். பிரான்சுக் கோட்டைகளுக்குத்தான் பேய் வாய்க்கும் என்று நினைத்திருந்தவன். தன் வீட்டுக்கும் ஒன்று வாய்த்துவிட்டதே! பெருமை தாங்காமல் சந்தையில் போய்ச் சொன்னான். கனகசிங்கம் அன்று மாலையே வந்துவிட்டார்.

சுவரில் காதை வைத்தார். "பொம்புள. விம்மி விம்மி அழுறா."

"வயசானவளா?" சிறிலுக்குக் கவலை.

"வடிவான குமர்."

சிறிலுக்கு நிம்மதி. அவன் படித்த பேய்கள் எல்லாமே அழகான இளம்பெண்கள்.

"அவட கண்ணீர் ஒரு துளி நாக்கில பட்டாப் போதும், வாய் அடைச்சிரும். புள்ளத்தாச்சி இஞ்ச படுத்தா, புள்ள ஊமையாப் பிறக்கும். வீட்ட என்ட பொறுப்பில விடுங்க தம்பி. நான் இஞ்சயே இருந்து அவளைக் கட்டுறன்."

கட்டினாரோ இல்லையோ, குடிவந்துவிட்டார். பாய் வந்தது, செம்பு வந்தது, முற்றத்தில் கோழிக்கூடு வந்தது. செய்தியைச் சுமந்துகொண்டு சிறில் மாமி வீட்டுக்குப் போனான்.

"அப்ப என்ட வீட்டில ஆர் ஆரோ இரிப்பாங்க, நான் மட்டும் சட்டிக்குப் பக்கத்தில புள்ள பெறணுமா?" என்றாள் பீற்றிஸ்.

"பேய் இரிக்கு, பீற்றிஸ்."

"பேயா? வாடகை தருதா?"

நாலு நாள் ஊர் ஊராகக் கூட்டம் வந்துபோனது. ஐந்தாம் நாள் காலை மழை விட்டு வெயில் எறித்தது. பீற்றிஸ் இடுப்பில் கை வைத்தபடி வந்தாள். சுவரில் இப்போது ஈரமில்லை. வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. விரலால் ஒரு தடவை தடவினாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கொஞ்சம் நின்றாள். திரும்பியபோது முகத்தில் மரியாதை வழிந்தது.

"மந்திரகாரர், பேய்க்குப் படையல் வேணுமெண்டு சொன்னீங்களாம். நானே சமைக்கிறன்."

"மணலை மீன் போடு புள்ள. பேய்க்கு அது விருப்பம்."

மத்தியானம் வாழையிலை விரிந்தது. சோறு, அதன் மேல் ஊற்ற மணலை மீன் ஆணம், கத்தரிக்காய்ப் பால்கறி. கனகசிங்கம் பேயின் பங்கையும் தன் பங்கையும் தின்றார். கூட்டமும் தின்றது. சிறில் இரண்டாம் தரம் வாங்கித் தின்றான்.

"கறி எப்பிடி?" என்று மந்திரகாரரைக் கேட்டாள் பீற்றிஸ்.

"அமிர்தம்! உப்பு அளவா இரிக்கு."

"இரிக்கும். அந்தச் சுவரில சுரண்டித்தான் போட்டன். கரைச்சு, வடிச்சு, காய்ச்சி."

இலைகளின் மேல் கைகள் அப்படியே நின்றன. வலையிறவுக்காரர் ஒருவர் தொண்டையைப் பிடித்தார். "ஐயோ, எனக்கு நாக்கு இழுக்குது!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். ஊமையானவர் அவ்வளவு சத்தம் போட்டதை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. மருமகன் ஓடிப்போன மாமியார் மந்திரகாரரின் குடுமியை எட்டிப் பிடித்தாள். "எங்களக் காப்பாத்துடா! இல்லாட்டி உன்ன இஞ்சயே புதைப்பம்!"

சிறில் வாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தான். பேச்சு வந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

"விடுங்க! ஒண்டும் ஆகாது! அது வெறும் உப்புத்தானே!" என்று அலறினார் கனகசிங்கம்.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டாள் பீற்றிஸ்.

"கருவாட்டுக்கார கபூர் நானாட உப்பு மூட்டைய அந்தச் சுவரோட கூலிக்கு அடுக்கினவனே நான்தானே!"

சொன்ன பிறகுதான் தன் வாயைப் பொத்தினார். அந்த ஒரு வாய்தான் அன்று அடைத்தது.

சிறிலின் காதுக்குள் அப்துல் கபூர் அப்போதுதான் பேசினார்: 'தம்பி, நடு அறையில உப்பு அடுக்கியிருந்தன். சுவர் குடிச்சிரிக்கும். பூச்சைக் கொத்திப்போட்டுப் புதுசாப் பூசுங்க.' ருஷ்யாவிலிருந்து அந்தச் சொல் வந்துசேர அவ்வளவு நாள் பிடித்தது.

கனகசிங்கம் கோழிக்கூட்டையும் மறந்து வாவிக்கரைப் பக்கமாய் ஓடினார். கூட்டம் கலைந்தது. மாமியார் மட்டும் கலையவில்லை. பீற்றிஸின் காதோடு வந்து, "புள்ள, அந்த உப்பில எனக்கு ஒரு பிடி தா. திண்டவன் உண்மையக் கக்கிற உப்பு. என்ட மருமகன் திரும்பி வந்தாக் குடுக்கணும்" என்றாள்.

சிறில் ஆவலோடு தலையை நீட்டினான். இது நல்ல கதையாயிருக்கிறதே!

பீற்றிஸ் அவனுடைய கையில் உளியையும் சுத்தியலையும் வைத்தாள். "கதை போதும். கொத்துங்க."

கொத்தினான். மூன்றாம் அடியிலேயே பூச்சு பாளமாக விழுந்தது. சுவரைச் சுத்தமாக்குவது அவ்வளவு சுலபம். மண்டைக்குள் ஊறியதைக் கொத்தத்தான் இன்னும் மேசன் கிடைக்கவில்லை. ஆகவே ஐயா, அம்மா, அடுத்த தடவை எங்காவது சுவர் அழுதால், நூல் கட்ட ஓடுமுன் ஒரு விரலால் தொட்டு நக்கிப் பாருங்கள். நாக்கு ஆமாம் போடுவதற்கு மட்டுமல்ல, சோதித்துப் பார்ப்பதற்கும்தான்.