‘எப்பிடித் தெரியும்’ அண்ணை சாட்சி சொன்ன நாள்

மன்னார்த் தீவிலும் சரி, பாலத்துக்கு இந்தப் பக்கத்திலும் சரி, எதையுமே நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். இதை அவர் முன்னால் சொல்லியிருந்தால், "எப்பிடித் தெரியும்?" என்று கேட்டிருப்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் வகுப்பு வரவு இடாப்பில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பியும் பார்ப்பதில்லை.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஞாயிறு தோறும் மன்னார் நகரத்து மண்டபம் ஒன்றில் வெளிவாரிப் பட்டப்படிப்புக்கான மெய்யியல் வகுப்பு நடக்கும். நாங்கள் பதினொரு பேர். பத்துப் பேருக்கு இருபது, இருபத்தொரு வயது. அண்ணைக்கு மட்டும் முப்பது தாண்டிவிட்டது. விடியப்புறம் மீனுக்குப் போடும் ஐஸ்கட்டியை உடைக்கிற வேலையை முடித்துவிட்டு, விறைத்த விரல்களோடு வந்து முன்வரிசை வாங்கில் இருப்பார். எல்லாவற்றையும் சந்தேகித்துப் பார்த்த பிரெஞ்சுக்காரர் ஒருவரைப் பற்றி விரிவுரையாளர் படிப்பித்த அன்று நாங்கள் எல்லோரும் குறிப்பெடுத்தோம். அண்ணை குறிப்பெடுக்கவில்லை. அன்றைக்கே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த கிழமை தலைமன்னார் பஸ்ஸில் இருந்தோம். ஒரு பெரியவர் ஏறி, இது தலைமன்னார் போகுமா என்று அண்ணையிடம் கேட்டார். கேட்க அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. இதுவரை போனதுதான், இன்றைக்கும் போகும் என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை என்று அண்ணை மிக மரியாதையாக விளக்கினார். பெரியவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் ஆட்டுக்குட்டியோடு இறங்கியது, அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். நடத்துநர் தொண்டை கிழியக் கத்தியும் பாதிச் சனம் திரும்ப ஏறவில்லை.

வகுப்பு முடிந்தால் பஸ் நிலையத்தடித் தேத்தண்ணிக் கடையில் விவாதம். எங்கள் வகுப்பு அல்போன்ஸ், பாடத்தில் வந்த ஜேர்மன்காரர் ஒருவரின் கட்சி: பொருளின் தோற்றத்தைத்தான் அறியலாம், பொருளை அறியவே முடியாது. ரஜனி, பிறகு படித்த வேறொரு பாரிஸ்காரரின் கட்சி: என்ன நடந்தாலும் மனிதன் தெரிவு செய்தே ஆகவேண்டும். இருவரும் ஒரு வடையை நடுவில் வைத்துக்கொண்டு அடிபடுவார்கள். அண்ணை இரண்டு பேரையும் கேள்வியால் மடக்கிவிட்டு, அவர்கள் யோசிக்கிற நேரத்தில் வடையைத் தின்று முடிப்பார். வடை எங்கே என்று கேட்டால், வடை இருந்தது என்று எப்பிடித் தெரியும் என்பார்.

சிரித்துக்கொண்டிருந்த எனக்கு ஒருநாள் சிரிப்பு நின்றது. விடத்தல்தீவில் எங்கள் காணியின் உறுதிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்து போயிற்று. வீட்டுத்திட்டப் பட்டியலில் அம்மாவின் பெயர் வரவேண்டும் என்றால் பழைய அயலவர் இரண்டு பேர் அரசாங்கக் கந்தோருக்கு நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அயலில் பாதி கனடாவில், பாதி இந்தியாவில். முன்வீட்டு வயோதிப அப்பு ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் தகரக் கொட்டில்தான் எங்களுக்குக் கடைசிவரை.

அந்த நேரம் பார்த்து, என்னைக் கூட்டிப்போக வந்த அம்மா தேத்தண்ணிக் கடையில் அண்ணையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டா.

"நீ பின்வளவுச் சூசையின்ர மகன் எல்லோ?"

"அப்பிடித்தான் ஞாபகம், மாமி. ஆனா ஞாபகத்தை எப்பிடி நம்புறது?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. அந்தப் பின்வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போனபோது சின்னப் பிள்ளையாக இருந்த எனக்கு அவரை ஞாபகமே இல்லை. கடவுள் எங்களுக்கு அனுப்பிய இரண்டாவது சாட்சி இந்த மனுசனா?

விசாரணைக்கு இரண்டு கிழமை இருந்தது. மெய்யியல் வகுப்பு முழுவதும் அண்ணையின் மேல் பாய்ந்தது. காணியைத் தெரியும் என்று சொல்ல வேண்டாம், காணியின் தோற்றத்துக்கு மட்டும் சாட்சி சொன்னால் போதும் என்றான் அல்போன்ஸ். பேசாமல் இருப்பதையும் நீங்கள்தான் தெரிவு செய்கிறீர்கள் என்றாள் ரஜனி. அண்ணை மெலிந்துகொண்டே போனார். நிச்சயமில்லாத ஒன்றைச் சாட்சியாகச் சொன்னால் அது பொய்தானே என்று என்னிடம் கெஞ்சுவது போலக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"முதல் எங்களுக்கு வீடு வரட்டும் அண்ணை. பிறகு ஆறுதலா இருந்து சந்தேகப்படுங்கோ."

விசாரணை நாளில் அல்போன்ஸும் ரஜனியும் எங்களோடு கந்தோருக்கு வந்திருந்தார்கள். முன்வீட்டு அப்பு கடகடவென்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்தது அண்ணை. இவர்கள் அந்தக் காணியில் இருந்தது தெரியுமா என்று அதிகாரி கேட்டார். அண்ணை மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். ரஜனி என் கையை நசுக்கினாள்.

"தெரியும்," என்றார்.

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "எப்பிடித் தெரியும்?"

அல்போன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு விறாந்தைக்கு ஓடினான். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கட அம்மா செத்த வருசம், ஐயா. அப்பா கடலுக்குப் போனா நானும் தம்பியும் தனிய. இந்த மாமி மத்தியானத்தில பின்வேலிக்கால சோத்துக் கோப்பையை நீட்டுவா. எங்களுக்குத் தந்திட்டுத்தான் தன்ர வீட்டில ஆக்களுக்குப் போடுவா. மற்ற எல்லாத்தையும் நான் சந்தேகப்படுவன். அந்தச் சோத்தைச் சந்தேகப்பட எனக்கு ஏலாது."

அதிகாரியின் பேனை நின்றது. பிறகு படிவத்தை அவர் பக்கம் திருப்பி, ஒப்பமிடும் இடத்தைக் காட்டினார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா. நானும் அழுதேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வெளியே வந்ததும் அண்ணை படியில் குந்திவிட்டார். தன்னுடைய மெய்யியல் இன்றோடு போய்விட்டதாம். அந்தப் பிரெஞ்சுக்காரரும் கடைசியில் ஓரிடத்தில் வந்து நின்றவர்தானே, அவர் 'நான் இருக்கிறேன்' என்பதில் நின்றார், நீங்கள் சோற்றில் நின்றிருக்கிறீர்கள் என்று அல்போன்ஸ் தேற்றினான். அண்ணை அம்மாவின் பக்கம் திரும்பினார். சோறு நிச்சயம், கறி மீனா இறாலா என்பதில்தான் இன்னும் சந்தேகம் இருக்கிறது என்றார்.

வீடு வந்தது. அண்ணைக்குப் பட்டமும் வந்தது. இப்போது அவர் வவுனியாப் பக்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் அளவையியல், அதுதான் தர்க்கம், படிப்பிக்கிறாராம். வீட்டுக்கு வந்து எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் தாய் தகப்பன்மார் என்ன பாடுபடுகிறார்களோ, பாவம். ஆனால் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.