கப்பல் அன்ரி பெண் கேட்டு வந்த நாள்

ரொறன்ரோ மாநகரத்தில் நிலத்துக்கு அடியில் படகு ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் கப்பல் அன்ரிதான். இதை மறுக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து சண்டை பிடிக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் குடியிருந்தோம். அதன் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் எல்லோருக்கும் ஒரு துருப்பிடித்த கார் நின்றது. கப்பல் அன்ரிக்கு மட்டும் ட்ரெய்லர் ஒன்றின் மேல் ஒரு அலுமினியப் படகு நின்றது. கட்டிடத்து சூப்பரின்டென்டன்ட் ஒருநாள் கோபமாக இறங்கி வந்தார்.

"இது வாகனம் விடுற இடம்."

"ட்ரெய்லருக்கு நம்பர் பிளேட் இருக்கு. வாகனம்தான்."

"ஆனா ஓடாதே!"

"உன்ரை கார் வின்ரரிலை ஓடுதோ?"

அவருடைய கார் அன்று காலையும் ஸ்டார்ட் ஆகவில்லை. திரும்பி மேலே போய்விட்டார்.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கப்பல் அன்ரி பேசியது ஆங்கிலம். ஆனால் அவர் கதைகளை எங்கள் வீட்டில் வருடக் கணக்காகத் தமிழில் சொல்லிச் சொல்லி, இப்போது அவர் குரலே எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன். பெயரும் அப்படித்தான், படகைப் பார்த்து நாங்கள் வைத்தது. அவருடைய உண்மையான பெயரைக் கட்டிடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அவர் கிரீ என்ற பூர்வகுடி இனத்தவர். ஒன்ராறியோவின் வட அந்தத்தில், ஜேம்ஸ் வளைகுடாக் கரையில் பிறந்தவர். "எங்கட ஊரிலை கடல் இருக்கு" என்று அவர் முதலில் சொன்னபோது கட்டிடமே சிரித்தது. பக்கத்து வீட்டு சூசை அங்கிள்தான் பலமாகச் சிரித்தவர். மன்னாரில் பிறந்த காரணத்தால் உலகத்துக் கடல் முழுவதும் தன் குடும்பச் சொத்து என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர்.

"ஒன்ராறியோவிலை ஏது கடல்? உது ஏரி" என்றார்.

"வந்து நக்கிப் பார்" என்றார் கப்பல் அன்ரி.

ஒவ்வொரு கோடையிலும் அவர் ரொறன்ரோவில் வளரும் தன் இனத்து இளம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கடலுக்குப் போவார். தண்ணீரின் உப்பு, சூடு, தெளிவு எல்லாவற்றையும் பிள்ளைகளே அளப்பார்கள். வெள்ளைத் திமிங்கிலங்களைக் கண்ட இடத்தைக் குறிப்பார்கள். பனிக்கட்டி எப்போது உடைந்தது, வாத்துகள் எப்போது வந்தன என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து அதையும் சேர்த்து எழுதுவார்கள். பல்கலைக்கழகத்து ஆட்களும் வருவார்கள், ஆனால் கப்பல் அன்ரி சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். முதல் நாள் அவர்கள் கையில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் கத்தியும் கொடுப்பாராம். ஒரு பேராசிரியர் தான் எழுதிய புத்தகத்தைக் காட்டினாராம். "நல்லது, தோலை அதுக்கு மேலை போடு" என்றாராம் இவர்.

ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்டேன். அன்றைக்கு மட்டும் அவர் பகிடி விடவில்லை.

"எங்கட தண்ணியை ஆரோ வந்து அளந்து கொண்டு போச்சினம். என்ன கண்டதெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. இனி எங்கட பிள்ளையள் அளக்கட்டும். மற்றவை எங்களிட்டைக் கேக்கட்டும்."

இத்தனை வீரமான தலைவருக்கு ஒரேயொரு குறை. படகு ஆடினால் அவருக்கு வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும். ஒவ்வொரு பயணத்திலும் முதல் மணித்தியாலம் முழுக்க அவர் வாளியும் கையுமாகத்தான் இருப்பார். வாளிக்கு மேல் குனிந்தபடியே கட்டளை இடுவார், பிள்ளைகளும் சிரிக்காமல் கீழ்ப்படிவார்கள். "பழகேல்லையா?" என்று கேட்டால், "கடல் இன்னும் என்னோடை பழகேல்லை" என்பார்.

பயிற்சி எங்கள் தரிப்பிடத்தில்தான் நடந்தது. ஒருநாள் காரிலிருந்து சாமான் எடுக்கப் போன நான் கண்டது இதுதான்: சீமெந்துத் தரையில் நின்ற படகில் பிள்ளைகள் உயிர்காப்பு அங்கியோடு இருந்து துடுப்பு வலிக்கிறார்கள். கப்பல் அன்ரியோடு தங்கிப் படிக்கிற அவருடைய தமையன் மகள், என் வயதுப் பெண், ட்ரெய்லரைப் பிடித்து ஆட்டி அலை உண்டாக்குகிறாள். கப்பல் அன்ரி ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எட்ட நிற்கிறார், பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

"என்ன பாக்கிறாய், ஏறு" என்றார். ஏறினேன். அந்த வருடம் முழுக்க நான் இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம், டோனட் கடை வேலை எல்லாம் போக மிச்ச நேரம் முழுவதும் அந்தப் படகுதான். கோடை நெருங்கியபோது, "நீயும் வா" என்றார். "ஆனா உன்ரை அம்மா தன்ரை வாயாலை ஓம் எண்டு சொல்லவேணும். நானே வந்து கேக்கிறன்."

அம்மாவிடம் கடல் என்ற சொல்லையே எடுக்க முடியாது. கனடாவுக்கு வர முன்னர், யுத்தத்துக்குத் தப்பி, இரவில் நேவிக்குத் தெரியாமல் நாங்கள் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தவர்கள். நான் சத்தம் போடாமலிருக்க அம்மா என் வாயைப் பொத்தியபடி இருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த படகில் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, இருந்தார். அந்தப் படகு கரைக்கு வரவில்லை. அதன் பிறகு அம்மா ஒன்ராறியோ ஏரிக்கரைப் பூங்காவுக்குக்கூட வந்ததில்லை. இதையெல்லாம் கப்பல் அன்ரியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஓம், வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். தனியாக வரவில்லை. முக்கியமான விஷயம் கேட்கப் போகும்போது தனியாகப் போவது அவர்கள் வழக்கமில்லை. வடக்கிலிருந்து தமையனும் அண்ணியும் வந்து கூட நின்றார்கள். எல்லோரும் நல்ல உடுப்போடு வெளிக்கிட்டு, தலை வாரி, புகையில் வாட்டிய மீன் ஒரு பெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். கப்பல் அன்ரி ஒரு சிவப்புத் துணி முடிச்சை அம்மாவுக்கு முன்னால் மேசையில் வைத்தார். அதற்குள் புகையிலை. ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது முதலில் புகையிலை வைப்பது அவர்கள் மரியாதை. அதைக் கையில் எடுத்தால் சம்மதம்.

அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஆம்பிளைத் துணைக்கென்று வந்திருந்த சூசை அங்கிள் முடிச்சைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வரிசையாக இருந்த மூவரையும் பார்த்தார். அம்மாவின் காதில் குனிந்தார்.

"தங்கச்சி, சம்பந்தம் பேச வந்திருக்கினம். இஞ்சை வெத்திலை பாக்கு எடுக்கேலாதுதானே, புகையிலையை மட்டும் கொண்டந்திருக்கினம்."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் சுடுகிறது. ஆனால் வீட்டுக்கு வந்தவர்களை அவமதிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. முடிச்சை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, தேத்தண்ணி கொண்டு வா" என்றார். கப்பல் அன்ரியின் முகம் மலர்ந்தது. நான் தட்டத்தோடு வந்தேன். அவர் தேநீரைப் பார்க்கவில்லை, என் கால்களைப் பார்த்தார்.

"தட்டம் ஆடேல்லை. நல்ல கால்" என்றார் தமையனிடம்.

"காலைப் பாக்கினம்" என்று மொழிபெயர்த்தார் சூசை அங்கிள்.

"பிள்ளை குறட்டை விடுவாளோ?" என்று அடுத்த கேள்வி. ஒடுங்கின இடத்தில் பலர் படுக்க வேண்டும் என்பது அவர் கவலை. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். கொஞ்சம் சமாளித்து, "பெடியன் என்ன செய்யிறார்?" என்று கேட்டார்.

"எந்தப் பெடியன்? படகிலை கன பெடியள் இருக்கினம்" என்றார் கப்பல் அன்ரி.

இதற்கு மேல் தாங்காமல் நான் உண்மையைச் சொன்னேன். கலியாணமில்லை, கடல். அம்மா எழுந்தார். மடியிலிருந்த முடிச்சு கீழே விழுந்தது.

"அங்கிள், உவைக்குச் சொல்லுங்கோ. கலியாணமெண்டாக்கூட யோசிச்சிருப்பன். கடலுக்கு விடமாட்டன்."

சூசை அங்கிள் முதல் தடவையாக ஒரு வசனத்தையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். கப்பல் அன்ரி வாதாடவில்லை. குனிந்து முடிச்சை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்தார். "தெரியாமல் எடுத்தது சம்மதமில்லை" என்றார். வாசலில் நின்று, "படகு கீழை நிக்குது. நிலத்திலைதான் நிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"விசர் மனுசி" என்று அம்மா நாலைந்து நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதைச் சொல்வது நின்றது. அடுத்த ஞாயிறு, "காருக்குள்ளை அரிசி மூட்டை கிடக்கு" என்று கீழே போனார். அரிசி மூட்டை மேலே வீட்டுக் குசினியில் இருந்தது எனக்குத் தெரியும். பின்னால் போனேன்.

அம்மா படகின் விளிம்பில் ஒரு கையை வைத்தபடி நின்றார். உள்ளே இருந்த கப்பல் அன்ரி ஒரு உயிர்காப்பு அங்கியை நீட்டினார். அம்மா அதைக் குளிர் ஜாக்கெட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு ஏறி இருந்தார். தமையன் மகள் மெதுவாக ட்ரெய்லரை ஆட்டினாள். அம்மா கண்களை இறுக மூடினார். மூடியபடியே, தன் உடைந்த ஆங்கிலத்தில், கிளாலியைச் சொன்னார். தம்பியைச் சொன்னார். அவருக்கு வாங்கி வைத்திருந்த புதுச் சட்டையைச் சொன்னார். இதை எல்லாம் அம்மா எனக்குக்கூட ஒருநாளும் சொன்னதில்லை. கப்பல் அன்ரி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளிறியது. பாவம், துக்கம் தாங்கவில்லை என்று நினைத்தேன். அவர் வாளியை எட்டி எடுத்தார்.

அம்மா கண்ணைத் திறந்தபோது கப்பல்களின் தலைவி சீமெந்துத் தரையில் நின்ற படகில் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு கணம் திகைத்தார். பிறகு ஆடிக்கொண்டிருந்த படகில் எழுந்து நடந்து போய், காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பிடிப்பது போல அவருடைய நெற்றியைப் பிடித்தார்.

"உங்களுக்குப் பயமில்லையோ?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு முறையும் பயம்" என்றார் கப்பல் அன்ரி வாளிக்குள். "பயமில்லாத ஆளை நான் படகிலை ஏத்துறதில்லை."

அம்மா சிரித்தார். கனடாவுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வலது கையை நீட்டி, "அந்தப் புகையிலையைத் தாங்கோ" என்றார். என் பக்கம் திரும்பி, "உவவோடை போ. உவ உன்னை விடப் பயப்பிடுறா, கவனமாக் கொண்டந்து விடுவா" என்றார்.

நான் போனேன். படகையும் ஏற்றிய ரயிலில் வடக்கே போய், உலகம் முடிகிற இடம் மாதிரித் தெரிந்த அந்தக் கரையில் இறங்கினேன். கப்பல் அன்ரி முதலில் தண்ணீரில் ஒரு சிட்டிகை புகையிலை இட்டார், பிறகு வாளியை எடுத்தார். கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டொன்றைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறைகிற ஆழத்தை வைத்துத் தண்ணீரின் தெளிவை நானும் தமையன் மகளும் அளந்தோம். தண்ணீரை நக்கியும் பார்த்தேன். உப்புத்தான். சூசை அங்கிளுக்காக ஒரு போத்தலில் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை விருந்தாளிகளுக்கு எல்லாம் காட்டி, ஒன்ராறியோவில் கடல் இருப்பதைத் தானே கண்டுபிடித்தது போலப் பேசினார்.

கப்பல் அன்ரி சில வருடங்களுக்கு முன்னர் காலமானார். இப்போது தமையன் மகள்தான் தலைவர், உருளைக்கிழங்கு மூட்டையும் அவள் பொறுப்பில். கப்பல் அன்ரி போன அடுத்த வருடம், கோடை தொடங்க முன்னர், அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு முன்னால் சிவப்புத் துணி முடிச்சொன்றை வைத்தாள்.

"இந்த முறை ஆரைக் கேட்டு?" என்றார் அம்மா.

"உங்களை" என்றாள்.

அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், தெரிந்துதான் எடுத்தார். அந்தக் கோடையில், அத்தனை வருடங்களுக்குப் பிறகு, தண்ணீரில் மிதந்த ஒரு படகில் என் அம்மா ஏறினார். கரை மறைய முன்னரே சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டார். நான் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்தேன்.

"நீ சரியாப் பிடிக்கிறாயில்லை" என்றார் அம்மா, வாளிக்குள் முகத்தை வைத்தபடி. "கப்பல் இருந்திருந்தா சரியாப் பிடிச்சிருப்பா."