இருபது சென்டியார் போர்வை

பாகூர் கொம்யூன் கிராமங்களில் அளவண்ணன் டேப் படாத பொருள் ஒன்று மிச்சம் இருப்பதாக யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். செலியமேட்டில் அவர் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்தவன் நான். வீடு பார்க்கப் போன அன்று, பெயரைக் கேட்பதற்கு முன்பே என்னைச் சுவரோரம் நிறுத்தி உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை டேப்பை ஓடவிட்டார்.

"ஒண்ணுமில்ல சார். மாடி ரூம் வாசப்படி கொஞ்சம் கட்டை. தலை இடிக்குமான்னு பாத்தேன். இடிக்காது, வாங்க."

இடித்தது. தினமும் இடித்தது. கேட்டால், "அளவு கரெக்ட்டுதான் சார். நீங்கதான் ரொம்ப நிமிந்து நடக்குறீங்க" என்பார்.

அவருடைய உண்மையான பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருந்தது. நிலம் அளக்கும் ஆபீசில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். சங்கிலியை ஆபீசில் வைத்துவிட்டு வந்தாரே தவிர, பழக்கத்தை விட்டு வரவில்லை. கடைக்காரர் தரும் வாழைப்பழத்தை அளப்பார். எதிர் வீட்டுத் தேவகி போடும் கோலத்தை அளந்து, "கெழக்குப் பக்கம் அர இஞ்சி ஆக்கிரமிப்பு" என்று அறிவிப்பார். தேவகி பிளவுஸ் தைப்பவள், வாய்க்குப் பஞ்சமில்லாதவள். "அண்ணே, நீ மொதல்ல உன் வாய அள" என்பாள்.

அவரை அடக்க முடிந்த ஒரே ஆள் அவர் மனைவி செல்வி அண்ணி. அண்ணி "இந்தாய்யா" என்று ஒரு குரல் கொடுத்தால் டேப் தானாகச் சுருண்டு பெட்டிக்குள் போய்விடும். நான் குடிபோன ஆறாவது மாதம் அந்தக் குரல் விமானம் ஏறியது. பெண்ணைப் பிரெஞ்சு குடியுரிமைக்காரக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். மகள் பிரசவத்துக்குப் பிரான்சில் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. மூன்று மாதத்துக்கு எதற்கு மூட்டை என்று நல்ல புடவைகளையெல்லாம் பீரோவிலேயே விட்டுப் போனார். பதினோரு புடவைகள்.

மூன்று மாதம் ஆறானது. குழந்தை குப்புற விழட்டும் என்றார்கள், விழுந்தது. நடக்கட்டும் என்றார்கள், நடந்தது. பிறகு மகள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். எப்போது வருகிறாய் என்று அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பார். "பாக்கலாம்" என்பார் அண்ணி. அந்தப் "பாக்கலாம்" வந்த பிறகு அண்ணன் கொல்லைப்பக்கம் போய் ஏற்கெனவே அளந்த முருங்கை மரத்தை மறுபடி அளப்பார். ஒரு மனிதன் தனியாக இருப்பது இவ்வளவு சத்தமில்லாமல் தெரியும் என்பதை நான் அந்த வீட்டில்தான் பார்த்தேன்.

ஒரு ஞாயிறு அண்ணி, "இங்க குடுத்த போர்வ வழுக்கி வழுக்கிக் கீழ வுழுது. காலெல்லாம் குளுருது" என்றார். மார்கழிப் பனிக்கே இரண்டு நாள் படுத்துவிடும் உடம்பு. அண்ணன் இரவு முழுக்க யூடியூப் பார்த்துவிட்டுக் காலையில் என் கதவைத் தட்டினார்.

"சார், நா குயில்ட்டு பண்ணப்போறேன்."

"குயில் வளர்க்கப் போறீங்களா அண்ணே?"

"குயிலு இல்ல சார், குயில்ட்டு! மேல ஒட்டுத்துணி, நடுவுல பஞ்சு, அடியில ஒரு துணி. மூணையும் சேத்து நெருக்கமாத் தச்சா குளுரு உள்ளயே வராது."

வெளியே வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. செலியமேட்டில் போர்வை தைக்க வேண்டும் என்று இதற்கு முன் யாருக்கும் தோன்றியிருக்க நியாயமில்லை.

அண்ணியின் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டார். முதலில் கை பழக வேண்டும் என்று சின்னச் சின்ன உருப்படிகள். மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, சூடான சட்டி பிடிக்கத் துணி. பழகிய கை நிற்கவில்லை. தேவகியின் கேஸ் சிலிண்டருக்கு நீலமும் சிவப்புமாக ஒரு சட்டை தைத்துப் போட்டார். என் பைக் சீட்டுக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்ததில் நான் ஒரு மாதம் மூன்று அங்குல உயரத்தில் வேலைக்குப் போனேன். மூன்று அடுக்கையும் நகராமல் பிடிக்க ஊக்கு வேண்டும் என்று பாகூர் கடைத்தெருவில் இருந்த ஊக்கையெல்லாம் வாங்கி வந்துவிட்டார். அந்த வாரம் தெருப் பெண்கள் பட்ட பாட்டைத் தேவகி வாயால் கேட்க வேண்டும். எழுத முடியாது.

பிறகுதான் பெரிய போர்வை. மகளிடம் கட்டில் அளவு கேட்டார். குழந்தை அழுதுகொண்டிருந்த அவசரத்தில், "நூத்தி அறுவதுக்கு எரநூறுப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

முப்பது வருடம் மீட்டரில் நிலம் அளந்தவர் அண்ணன். ஆனால் தையலில் இறங்கிய முதல் நாளே தேவகி அவருக்கு ஒரு பாடம் சொல்லியிருந்தாள். "தோ பாரு அண்ணே, மீட்டரு கீட்டரெல்லாம் நெலத்தோட வச்சிக்க. துணின்னு வந்துட்டா இஞ்சிதான்." அண்ணன் அதை வேதமாக எடுத்துக்கொண்டார். நூற்று அறுபது இஞ்சு, இருநூறு இஞ்சு. அதாவது பதின்மூன்றே கால் அடிக்குப் பதினாறரை அடிக்கு மேல்.

"அண்ணே, நம்ம ஹாலே பத்துக்குப் பன்னெண்டுதானே?" என்றேன்.

"பிரான்சு சார். அங்க எல்லாம் பெருசு."

"கட்டிலே இம்மாம் பெருசுன்னா வூடு எம்மாம் பெருசு இருக்கும்!" என்று தேவகி வாயைப் பிளந்தாள்.

கிராப் தாளில் திட்டம் வரைந்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் சர்வே நம்பர். பதினாலு பார் ரெண்டு, அண்ணியின் கத்தரிப்பூப் புடவை. பதினாலு பார் மூணு, மாம்பழக் கலர். எங்கள் பக்கம் நிலக்கணக்கில் ஒரு சதுர மீட்டரைச் சென்டியார் என்போம், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல். போர்வை இருபது சென்டியாருக்கு வந்தது. இதற்குப் பட்டாவே வாங்கலாம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பழைய புடவை இரண்டு போதும் என்றுதான் ஆரம்பித்தார். பாதி மேல்துணிக்கே காணவில்லை. நல்ல புடவைகளில் கை வைத்தார். அடித்துணிக்கு மிச்சமும் போயிற்று. பீரோவில் அந்துருண்டை மட்டும் மிஞ்சியது.

அப்போது ஒருநாள் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சிபோச்சி சார். இம்மாம் பெரிய கட்டில்ல படுத்துப் பழகுனவ, நம்ம வூட்டு ஆறடி அகலக் கட்டிலுக்கு எங்க வரப்போறா?"

அவர் மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே ஒரு மனிதர் இரண்டு மாதம் அதைத் தைத்தார்.

முடித்ததும் விரிக்க இடமில்லை. மொட்டை மாடியில் நானும் தேவகியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். ஞாயிறு சாயங்காலம் வீடியோ காலில் மகளுக்குக் காட்டினார்.

"இன்னாப்பா இது, கல்யாணப் பந்தலா?"

"உங்கம்மாவுக்குப் போர்வமா. நீதான சொன்ன, நூத்தி அறுவது, எரநூறுன்னு."

"ஐயோ அப்பா! அது சென்டிமீட்டரு!"

தேவகி மெல்ல முனையை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள். அண்ணன் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். அஞ்சேகால் அடி, ஆறரை அடி. ஆறு மடங்கு துணி வீணாயிற்றே என்று திட்டப்போகிறார் என்று பார்த்தால், மனிதர் முகம் மலர்ந்துபோயிற்று.

"சார்! நம்ம கட்டிலவிட அகலம் கம்மி சார்!"

அதற்குள் அண்ணி போனைப் பிடுங்கியிருந்தார். போர்வையைக் கோடி முதல் கோடி வரை பார்த்தார்.

"யோவ், அது என் மாம்பழக் கலரு தான? அந்தக் கோடியில இருக்கறது தீபாவளிக்கு எடுத்தது. அடப்பாவி மனுசா, பீரோவையே வழிச்சிட்டியா? நா வந்து இன்னாத்தக் கட்டுறது?"

அண்ணன் போனைக் கையால் மூடிக்கொண்டு என் காதோரம் வந்தார்.

"இன்னா சார் சொன்னா?"

"புடவையெல்லாம் வெட்டிட்டீங்கன்னு திட்டுறாங்க அண்ணே."

"அத வுடு சார். கடைசியா இன்னா சொன்னா?"

"நான் வந்து எதைக் கட்டுறதுன்னு."

"நா வந்துன்னா சொன்னா?"

"ஆமாண்ணே."

இரண்டு வருடப் "பாக்கலாம்"களுக்கு நடுவில் வந்த முதல் "நா வந்து" அது. அண்ணன் போனைத் தூக்கினார். "செல்வி, சிக்னல் வுட்டுப்போச்சி. இன்னொரு தபா சொல்லு."

அண்ணி இன்னொரு தடவை இன்னும் விரிவாகத் திட்டினார். மூன்றாவது தடவையும் சிக்னல் போயிற்று. போன் என் கண் எதிரேதான் இருந்தது, சிக்னல் முழுசாக இருந்தது.

போர்வையை ஆறாக வெட்டினார். விளிம்பு மடித்துத் தைத்த ஒன்று, அந்தப் பக்கம் போன ஒருவர் பெட்டியில் பிரான்சு போனது. ஒன்று தேவகிக்கு, ஒன்று எனக்கு. இப்போது வில்லியனூரில் இருக்கிறேன். ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு அதைப் போர்த்திக்கொண்டு வேர்க்க வேர்க்கத் தூங்குகிறேன். வீட்டில் எனக்குப் பைத்தியம் என்கிறார்கள்.

போன மாதம் செலியமேடு போயிருந்தேன். குழந்தை ஸ்கூல் சேரட்டும் என்று இப்போது பேச்சாம். அண்ணன் பீரோவைத் திறந்து காட்டினார். மாதத்துக்கு ஒன்றாக வாங்கி அடுக்கிய புதுப் புடவைகள். ஒவ்வொன்றையும் அவர் நீவி விட்ட விதத்தைப் பார்த்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூடப்போனவர் சற்று நின்று, "இந்தப் பச்சையும் அந்த அரக்கும் பக்கத்துல பக்கத்துல வச்சா நல்லா சேரும், இல்ல சார்?" என்றார்.

செல்வி அண்ணி, அங்கே யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டினால் ஒரு வார்த்தை. அண்ணன் கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறார். அது திரும்பி வருவதற்குள் நீங்கள் வந்துவிடுங்கள்.