குடை சாரும் நாற்பது நாள் மௌனமும்

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கூரைக்கு அடியில் குடை பிடித்து நடந்த ஒரே மனிதர் எங்கள் குடை சார்தான். பெற்றோர் இட்ட பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. ஏசியிலிருந்து சொட்டும் நீர் கையிலுள்ள தட்டின் மேல் விழுந்துவிடக் கூடாதாம். குடை தட்டுக்குத்தான்; தம் தலை நனைவதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

தட்டில் இருந்தவை பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்கள். வெயிலை மின்சாரமாக்குவதில் கெட்டிக்காரத் துண்டுகள். ஈரம் பட்டால் மட்டும் கரும்பழுப்பு நிறம் மாறி, மஞ்சளாகிச் செத்துவிடும். மின்சாரம் தடையின்றிப் பாய அடியில் வெள்ளீய ஆக்சைடு நானோ துகள்களைப் பரப்பினார், திறன் உயர்ந்தது. ஈரத்தை விரட்ட மேலே கார்பன் நானோ குழாய்களைப் பூசத் திட்டமிட்டார். ஆனால், அந்தப் போர்வை ஏறுவதற்குள்ளேயே பல துண்டுகள் மஞ்சளாயின. அந்தச் சாவுகளை அறிக்கையில் எழுதுவது என் வேலை.

மழைக்காலத்தையும் கத்திரி வெயிலையும் ஒன்றாக அடைத்தது போன்ற சோதனைப் பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் ஒரு கலமாவது நாற்பது நாள் தாங்காவிட்டால், எங்கள் ஆய்வுப் பிரிவை மூடிவிட்டு அங்கே அட்டைப்பெட்டிகளை அடுக்கப் போவதாக நிர்வாகம் அறிவித்தது.

குடை சார் குற்றவாளியைத் தேடத் தொடங்கினார். தேநீரைத் தடை செய்தார். 'தலைக்குக் குளித்தவர் உள்ளே வரக் கூடாது' என்று அறிவிப்பு ஒட்டினார். வெள்ளிக்கிழமை பாதி ஊழியர்கள் வாசலில் நின்றோம். கடைசியில், தரை துடைக்கும் செல்வியிடம் வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, உன் ஈரத் துணியாலதான் இதெல்லாம் போச்சு."

செல்வி துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்தாள்.

"இன்னா சார், நான் கீழ தொடைச்சா அது மேல சாவுதா? நல்லா கீதே கதை! நீ எத்தாண்ட குனிஞ்சு பேசிக்கினு கீறியோ, அதுதான் மஞ்சளாவுது. நீ பேசாததெல்லாம் ஜம்முனு கீது, பாரு."

உண்மைதான். ஒவ்வொரு துண்டின் அருகிலும் குனிந்து, "கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோ, இதோ போர்த்திவிடறேன்" என்று கொஞ்சுவது அவர் வழக்கம். மூச்சின் ஈரம்! குறிப்பேட்டைப் புரட்டினோம். அவர் அன்பு காட்டிய அளவுக்கு அவற்றின் ஆயுள் குறைந்திருந்தது.

"மாஸ்க் போட்டுக்கோங்க, சார்" என்றேன்.

"போட்டா தைரியம் வந்து இன்னும் பேசுவேன்" என்றார்.

அதுவே அவருடைய கடைசிச் சொல். மூச்சடக்கி ஒரு கலத்தின் மேல் குழாய்ப் போர்வையைப் பூசி முடித்தார். அது பெட்டிக்குள் போன பிறகும், கதவு இடுக்கை நம்பாமல், ஆய்வகத்துக்குள் நாற்பது நாளும் வாய் திறக்கவில்லை. பெட்டியின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று கையை மட்டும் அசைப்பார்.

நாற்பதாம் நாள் பெட்டியைத் திறந்தோம். கலம் கரும்பழுப்பு மாறாமல் இருந்தது. மின் அளவியும் ஏறக்குறைய முதல் நாள் கணக்கையே காட்டியது. பார்க்க வந்த மேலாளர், அட்டைப்பெட்டிகளுக்கு வேறு இடம் தேடச் சொல்லிவிட்டுப் போனார்.

"இப்போ பேசு சார். இனிமே அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் செல்வி.

குடை சார் குனிந்தார். உதடுகள் அசைந்தன; நாற்பது நாள் பழக்கத்தில் குரல்தான் எழவில்லை. அவர் சார்பில் முதலில் செல்வியும் பிறகு நானும் குனிந்து, "நல்லா இருக்கியா, கண்ணு?" என்று அதனிடம் கேட்டோம்.